பேரிங் கத்துவதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

கேள்வி, நவம்பர் 9

கோத்தகிரி பக்கம் தேயிலை பாக்டரியில் மெயின்டனன்ஸ் உதவியாளராக இருக்கிறேன். லாக் புக் முழுக்க இங்கிலீஷில் எழுத வேண்டும். பெரிய ரிப்பேர் என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் சர்வீஸ் இன்ஜினியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நாங்கள் எல்லாவற்றுக்கும் ‘அப்நார்மல் சவுண்ட்’ என்றே எழுதுகிறோம். அவர் உடனே ‘என்ன சவுண்ட்?’ என்று திருப்பிக் கேட்கிறார். தமிழில் கேட்டால் கொறகொற, கீச்கீச் என்று சொல்லிவிடுவேன். இங்கிலீஷில் சத்தங்களுக்கு என்னென்ன வார்த்தை இருக்கிறது? யாராவது ஒரு பட்டியல் போடுங்கள்.

நவம்பர் 9, இரவு

பட்டியல் போட்டால் மனப்பாடம் செய்துவிட்டு மறுநாள் மறந்துவிடுவீர்கள் தம்பி. எந்தக் கோளாறுக்கு எந்தச் சத்தம் என்று சேர்த்துச் சொல்கிறேன். நான் பல வருடம் குன்னூர் பக்கத்து பாக்டரிகளில் ஃபிட்டராக இருந்தவன். இந்த வார்த்தைகளை வேலையில்தான் கற்றேன்.

முதலில் உராய்வு. காய்ந்த இடத்தில் சின்னதாக, விட்டு விட்டு வந்தால் ஸ்க்வீக். அதே சத்தம் நீண்டு இழுத்தால் ஸ்க்வீல். ஸ்டார்ட் செய்யும்போது வி-பெல்ட் வழுக்கிக் கத்துமே, அது ஸ்க்வீல். காதைப் பொத்த வைக்கும் அளவுக்குப் போனால் ஸ்க்ரீச். ட்ரையர் கதவைத் திறக்கும்போது கீல் முனகுவது கிரீக். மெதுவாக நகரும் பொருளுக்குத்தான் அந்த வார்த்தை. ஓடுகிற மோட்டாருக்கு கிரீக் என்று எழுதினால் இன்ஜினியருக்குக் குழப்பம் வரும்.

அப்புறம் தளர்ச்சி. போல்ட் லூஸாகித் தகரம் அதிர்ந்தால் ராட்டில். பல சாமான்கள் மோதி விழுந்தால் கிளாட்டர். பெல்ட் தொய்ந்து கார்டில், அதாவது அதை மூடியிருக்கும் காப்புத் தகரத்தில், அடித்தால் ஸ்லாப்.

இரும்பு இரும்பைத் தின்றால் கிரைண்டிங். உங்கள் கொறகொற பெரும்பாலும் இதுதான். இந்த ஒரு வார்த்தையை லாக்கில் எழுதிவிட்டு மெஷினை ஓடவிட்டுப் போகாதீர்கள். கிரைண்டிங் என்றால் நிறுத்து என்று அர்த்தம்.

நவம்பர் 10

ஒரு நண்பர் கேட்கிறார்: வார்த்தை எதற்கு, போனில் ரெக்கார்ட் செய்து அனுப்பினால் போதாதா?

அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். போன் என்பது மனிதக் குரலுக்காகச் செய்தது. தொடர்ந்து ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அதுவே அடக்கிவிடும். அடித்தொண்டைச் சத்தமான ரம்பிள், அந்தப் பக்கம் இருப்பவரின் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. பாக்டரியில் ஒரு மெஷின் தனியாகவும் ஓடுவதில்லை. கொழுந்தை வாட்டும் வித்தரிங் ஃபேன், அதை நசுக்கிச் சுருட்டும் சிடிசி ரோலர், உலர்த்தும் ட்ரையர் எல்லாம் சேர்ந்து கேட்கும். எது புதிதாக வந்த சத்தம் என்று அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். ரெக்கார்டிங்கோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

நவம்பர் 12

மழை. கரண்ட் இல்லை. நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

கேள்வி கேட்ட தம்பி, தமிழில் என்றால் சொல்லிவிடுவேன் என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் இரட்டைக்கிளவி எல்லாம் சும்மா அழகுக்கு வந்தவை கிடையாது. சட்டென்று என்றால் ஒரு தடவை. சடசடவென்று என்றால் திரும்பத் திரும்ப. ஒருமுறையா, தொடர்ச்சியா என்பதை வார்த்தையை இரட்டித்தே சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷ்காரன் இதே வேலையை வார்த்தையின் வாலில், கடைசியில் வரும் ‘le’யில், செய்கிறான். கிராக் என்றால் ஒரு வெடிப்பு. கிராக்கிள் என்றால் வெடித்துக்கொண்டே இருப்பது. ட்ரையர் அடுப்பில் கற்பூர மரக் கட்டையைப் போட்டால் முதலில் ஒரு கிராக், தீ பிடித்ததும் கிராக்கிள். ராட்டில், சிஸில், டிங்கிள், ஜிங்கிள், ரம்பிள் என்று வால் ஒன்றாக இருக்கும் சத்தங்களைக் கவனியுங்கள். எல்லாமே தொடர்ந்து வருபவை. அந்த வாலுக்குத் திரும்பத் திரும்ப நடப்பது என்ற பொருள் பழைய இங்கிலீஷ் காலத்திலிருந்தே உண்டு.

ஒரு வித்தியாசமும் இருக்கிறது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியமே சொல்கிறது. சலசலவில் ஒரு ‘சல’வை மட்டும் எடுத்தால் ஒன்றுமில்லை. கிராக்கிளில் வாலை வெட்டினால் கிராக் தனியாக நிற்கிறது. எல்லா வார்த்தையிலும் இப்படி வெட்ட வராது, ராட்டிலை வெட்டினால் எலிதான் மிஞ்சும். ஆனாலும் வெட்ட வருகிற இடங்களில் இது பெரிய உதவி.

இன்னொன்று உயிரெழுத்து. கிளிங்க், கிளாங்க், கிளங்க். முதலாவது ‘இ’யில் வருகிறது: சின்னது, லேசானது, மேல்சுருதி. கண்ணாடி டம்ளர்கள் உரசினால் கிளிங்க். சங்கிலி அடித்தால் கிளாங்க். கனமான ஒரு பாகம் உள்ளே இடம் மாறி உட்கார்ந்தால் கிளங்க். தமிழிலும் கிணுகிணு என்றால் கொலுசு, கணகண என்றால் பெரிய மணி. இரண்டு மொழிக்கும் சொந்தம் எதுவும் இல்லை, ஆனால் வாயும் காதும் ஒன்றுதானே.

வார்த்தையின் கடைசித் துண்டும் பேசும். கிராஷ், ஸ்மாஷ், ஸ்பிளாஷ்: மோதிச் சிதறுவது. தம்ப், பம்ப்: மொத்தென்று இடிப்பது. இப்படி ஒரே ஒலித்துண்டு ஒரே மாதிரிப் பொருளோடு வந்துகொண்டிருப்பதற்கு ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1930ல் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். பெயர் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. புது வார்த்தை ஒன்று எதிர்ப்பட்டால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; பாதி அர்த்தம் அதிலேயே வந்துவிடும்.

நவம்பர் 13

மேலே ஒருவர் ‘ஹம் என்று கேட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். இதை அப்படியே விட முடியாது.

ஓடுகிற மோட்டாரில் லேசான, சீரான ஹம் இயல்பானது. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு இரண்டு முறை இழுபடுவதால் 100 ஹெர்ட்ஸில் அந்த முனகல் வருகிறது. ஆனால் சுவிட்ச் போட்டும் ஷாஃப்ட் சுற்றாமல், பலத்த ஹம் மட்டும் வந்தால், மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே ஆஃப் செய்யாவிட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிடும். நம் மலையில் காற்று மழைக்கு மரம் விழுந்து ஒரு ஃபேஸ் போவது எத்தனை தடவை நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். லாக்கில் இப்படி எழுதுங்கள்: ‘மோட்டார் ஹம்ஸ் லவுட்லி பட் டஸ் நாட் ஸ்டார்ட்’. அந்தப் பின்பாதி இல்லாமல் ஹம் என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

வோல்டேஜ் இறங்கும்போது பேனலுக்குள் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டர் தடதடவென்று அடித்துக்கொள்ளுமே, அதற்கு சாட்டர். குளிரில் பல் அடித்துக்கொள்வதற்கும் அதே வார்த்தைதான்.

நவம்பர் 13, இரவு

இன்னொன்று. ‘சவுண்ட் இஸ் கமிங்’ என்று எழுதாதீர்கள். தமிழில் பேரிங் கத்துது, மோட்டார் முனகுது என்று மெஷினையே எழுவாயாக வைத்துப் பேசுகிறோம். இங்கிலீஷிலும் அதே வழிதான் நல்லது: ‘தி பெல்ட் ஸ்க்வீல்ஸ்’, ‘தி கியர் பாக்ஸ் இஸ் நாக்கிங்’ (கதவைத் தட்டுவது மாதிரி டொக் டொக் என்றால் நாக்கிங்). நம் பேச்சு வழக்கை விட்டுவிட்டு எங்கிருந்தோ ‘சத்தம் வருகிறது’ என்று புத்தகத் தமிழுக்குப் போய், அதை இங்கிலீஷாக்குவதால்தான் வாக்கியம் செத்துப்போகிறது.

நவம்பர் 17

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பாக்டரியில், கொழுந்து குவிகிற சீசனில், ட்ரையர் ஃபேன் பேரிங் ஒன்று போக ஆரம்பித்தது. புதிதாக வந்திருந்த ஒரு பையன்தான் முதலில் சொன்னான், ‘ஙீ என்று மெல்லிசாக இழுக்கிறது’ என்று. ஷிஃப்ட்டில் இருந்த பெரியவர்கள் வந்து நின்று கேட்டார்கள். அவர்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. லாக்கில் ‘நாய்ஸ், ரன்னிங் ஓகே’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? ஒன்றும் செய்யவில்லை. பேரிங் ஜாம் ஆனது, ஷாஃப்ட்டைத் தின்றது, ட்ரையர் நின்றது. வாட்டும் ட்ரஃப்பிலும் புளிக்க வைக்கும் ஃபெர்மென்டிங்கிலும் இருந்த கொழுந்து அப்படியே கெட்டது. அந்தப் பையனின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அவன் சொன்னது சரி, அதை எழுத அவனுக்கு வார்த்தை இல்லை, கேட்டவர்களுக்குக் காது இல்லை.

காது இல்லை என்று கோபத்தில் சொல்லவில்லை. நல்ல காதுக்கு ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாக ஆக மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும். இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் பள்ளம் விழும். பேரிங் கெட ஆரம்பிக்கும்போது வருவது பெரும்பாலும் மெல்லிய, மேல்சுருதிச் சத்தம்; இங்கிலீஷில் வைன், அல்லது காற்று கசிகிற மாதிரி இருந்தால் ஹிஸ். நன்றாகக் கெட்ட பிறகுதான் ரம்பிள், கிரவுல், கிரைண்டிங் என்று கீழே இறங்கும். ஆக, பெரியவர்களுக்குக் கேட்கிற நேரத்தில் பேரிங் பாதி போயிருக்கும்.

அதனால் தம்பி, உங்களுக்குக் கேட்டு மற்றவர்களுக்குக் கேட்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். ‘ஃபெயின்ட், ஹை-பிட்ச்டு வைன்’ என்று எழுதுங்கள். டிரைவ் எண்டா (இணைப்பு இருக்கும் முனை), நான்-டிரைவ் எண்டா (எதிர்முனை), லோடிலா, லோடு இல்லாமலா, எத்தனை மணியிலிருந்து என்பதையும் எழுதுங்கள்.

காது அடைப்பான் போடுங்கள். எட்டு மணி நேரம் நின்றால் 85 டெசிபலே எல்லை என்பது அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. டெசிபல் கணக்கு ஏணிக் கணக்கு கிடையாது. பத்து ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு.

நவம்பர் 18

பழைய ஃபிட்டர்கள் எல்லாம் ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங்கின் வெளிக்கூட்டில் வைத்து, கைப்பிடியை காதோரம் எலும்பில் வைத்துக் கேட்போம். நன்றாகவே கேட்கும். ஆனால் மப்ளரோடு, தொங்குகிற ஸ்வெட்டர் கையோடு பெல்ட் பக்கம் குனியாதீர்கள். காலைக் குளிருக்குப் போட்ட மப்ளர் பெல்ட்டில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும். மப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குனிய வேண்டும்.

நவம்பர் 24

குன்னூரில் டூரிஸ்ட் வண்டி ஓட்டும் நண்பர் உள்ளே வந்து, மெஷினை விடுங்கள், பறவைச் சத்தத்தை வெளிநாட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார். திசை மாறினாலும் நல்ல கேள்வி.

சோலை ஓடைப் பக்கம் அதிகாலையில் மனிதன் சீட்டியடிக்கிற மாதிரி கேட்பது சீகாரப் பூங்குருவி. இங்கிலீஷ்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ‘விசிலிங் ஸ்கூல்பாய்’. நாள் முழுக்க குட்ரூ குட்ரூ என்பது குக்குறுவான். நாம் அதன் சத்தத்தையே பெயராக்கிவிட்டோம். ஆட்காட்டிக் குருவி கத்துவதை அவர்கள் ‘டிட் ஹி டூ இட்’ என்று கேட்கிறார்கள். நமக்கு அது ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதாகப் படுகிறது.

காட்டுமாடு மூச்சை வெடுக்கென்று விட்டால் ஸ்நார்ட். அது கேட்டால் மொழிபெயர்க்க நிற்காமல் வண்டிக்குள் ஏறச் சொல்லுங்கள். கேளையாட்டுக்குக் குரைப்பதால் ‘பார்க்கிங் டியர்’ என்றே பெயர்.

பள்ளிக்கூடத்தில் ஒலி மரபு படித்தோமே, யானை பிளிறும், குயில் கூவும், ஆந்தை அலறும், வண்டு முரலும் என்று. இங்கிலீஷிலும் மரபு அதே கட்டாயம்தான். யானை ட்ரம்பெட், ஆந்தை ஹூட், வண்டு பஸ்ஸ். மாற்றிப் போட்டால் அவர்களுக்கும் நமக்குப் போலவே காது கூசும்.

டிசம்பர் 2

யானை பற்றி எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். ட்ரம்பெட் என்பது யானையின் பேச்சில் ஒரு பங்கு மட்டும். அவை அதிகம் பேசுவது ரம்பிள் என்று அழைக்கப்படும் அடிக்குரலில். அதில் ஒரு பகுதி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது, மனிதக் காதுக்கு எட்டாது. 1984ல் அமெரிக்காவில் போர்ட்லாந்து மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்ற கேட்டி பெயின் என்ற ஆய்வாளருக்குக் காற்றில் ஏதோ அதிர்வது உடம்பில் பட்டது. அதைத் தொடர்ந்து பதிவு செய்து பார்த்துத்தான் இந்தக் கேளா ஒலி தெரிய வந்தது. கல்லாறு பக்கம் இரவில் யானைக் கூட்டம் அசையாமல் நிற்கும்போது நாம் நிசப்தம் என்று நினைக்கிறோம். அங்கே பேச்சு நடந்துகொண்டிருக்கலாம்.

நம் மலை ரயிலின் சத்தத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு: ஸ்டீம் இன்ஜினின் மூச்சு சஃப். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நம் ரயிலில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது, அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தால் அந்த சஃப் முதுகுப் பக்கமிருந்து மஃபிள்டாக வரும். குன்னூருக்கு மேலே டீசல் இழுத்தால் சஃப் கிடையாது. துடிப்பு மாதிரி இருந்தால் த்ராப், ஒரே சீராக முனகினால் ட்ரோன், இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான், எனவே இரும்புப் பல் கடிக்கும் சத்தத்தை ஊட்டி ஸ்டேஷனில் தேடாதீர்கள்.

டிசம்பர் 6

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் சகோதரி எழுதியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூச்சுச் சத்தத்துக்கு அவர்களிடம் முடிவு செய்த வார்த்தைகள் இருக்கின்றன: சீட்டி மாதிரி இழுத்தால் வீஸ், சின்னச் சின்னதாக வெடித்தால் கிராக்கிள், தொண்டையிலேயே அடைத்துக் கரகரத்தால் ஸ்ட்ரைடர். 1816ல் பிரான்ஸில் லென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து தொடங்கிய வேலை அது. டாக்டர்கள் ஒரே சத்தத்துக்கு ஒரே வார்த்தை போடுவதால்தான், ஊட்டியில் எழுதிய சீட்டைக் கோயம்புத்தூரில் படித்துவிட்டு மருந்து மாற்ற முடிகிறது. எனக்கு பாக்டரி லாக்கிலும் இதே கண்டிப்பு வேண்டும் என்பதுதான் ஆசை.

நம் ஊரில் குளிர் ஆரம்பித்தால் ‘குழந்தைக்கு வீசிங்’ என்று பாட்டிகள் கூடச் சொல்கிறார்கள். சத்தத்துக்கான ஒரு இங்கிலீஷ் வார்த்தை நோயின் பெயராகவே ஆகிவிட்டது. நம்மிடம் இளைப்பு இருந்தும்.

டிசம்பர் 28

உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. கேத்தி பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் நாய் குரைப்பது இந்தப் பக்கத்து வீட்டு வாசலில் கேட்கிறதே ஏன் என்று ஒருவர் கேட்கிறார்.

இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே இருப்பது அதைவிடச் சூடாக இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போவதால், மேலே போகிற ஒலி வளைந்து திரும்பக் கீழே இறங்குகிறது. பகலில் நேர்மாறாக மேல்நோக்கி வளைந்து போய்விடும். அதனால்தான் விடியற்காலையில் தூரத்து பாக்டரி மோட்டார்கூடக் காதில் விழுகிறது.

இதற்கு இங்கிலீஷில் சத்தத்தின் பெயரைவிட, கேட்கிற விதத்தின் வார்த்தை வேண்டும். ஃபெயின்ட் என்றால் மெல்லிசு. மஃபிள்டு என்றால் நடுவில் ஏதோ போர்த்தியிருக்கிறது. டிஸ்டிங்க்ட் என்றால் தூரமானாலும் பிரித்துக் கேட்க முடிகிறது. பனிக்காலை நாய்க்குரைப்பு ஃபெயின்ட் பட் டிஸ்டிங்க்ட். மெஷினிலும் இது உதவும்: கேசிங்குக்குள் வரும் நாக்கிங் மஃபிள்டு, வெளியே கார்டில் வரும் ராட்டில் டிஸ்டிங்க்ட். இன்ஜினியர் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று கிளம்பும் முன்பே தீர்மானிப்பார்.

ஜனவரி 4

கேள்வி கேட்ட தம்பி லாக்குக்கு நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கிறார். படித்ததும் மனசு நிறைந்தது. இரண்டு திருத்தம் மட்டும்.

சிடிசி ரோலருக்கு நீங்கள் எழுதியது ‘கிளாட்டரிங்’. நடந்தது என்னவென்றால், கொழுந்துச் சாக்கோடு வந்த கம்பித் துண்டு ரோலரில் ஒரே ஒருமுறை அடித்தது, நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். கிளாட்டர் பல மோதலுக்கு, ஒருமுறைக்கு அது வேண்டாம்: ‘எ சிங்கிள் ஷார்ப் கிளாங்க், மெஷின் ஸ்டாப்டு’. அந்த ‘சிங்கிள்’ முக்கியம். ரோலர் பல் எத்தனை போயிருக்கும் என்று அவர் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

தண்ணீர் பம்புக்கு ‘கிரைண்டிங்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே தண்ணீர் குறைந்தது, அழுத்தமானி முள் ஆடியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கூழாங்கல் உருள்வது மாதிரி இருந்ததா? அப்படியானால் அது ராட்லிங், காரணம் உறிஞ்சும் பக்கம் அடைப்பாக இருக்கலாம். காற்றுக் குமிழ்கள் மாதிரி நீராவிக் குமிழ்கள் உள்ளே உருவாகி நொறுங்கும். பேரிங்கைக் கழற்றும் முன் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வையும் சல்லடையையும் பாருங்கள். மழைக்குப் பிறகு தேயிலைச் சருகு அடைத்திருக்கும்.

பார்த்துவிட்டு என்ன இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள். கியர் பாக்ஸ் ஆயில் பற்றிக் கேட்டதற்கு நாளை பதில் சொல்கிறேன், எந்த மாடல் என்று பெயர்ப்பலகையைப் பார்த்து அனுப்புங்கள்.